அடிக்கடி நிக்கிற பைக்கோட திருகோணமலையில காலம் தள்ளுறது எப்பிடி: வெளிநாட்டுல இருந்து வந்து தங்கிறாக்களுக்கு

லண்டன், கனடா, சுவிஸ் எண்டு இருந்திட்டு இங்க வந்து ஆறு ஏழு மாசம் தங்கிற எங்கட சொந்தக்காரரும் சரி, தமிழ்நாட்டுல இருந்து வேலை விஷயமா வந்து உப்புவெளிப் பக்கம் வீடெடுத்து இருக்கிற பொடியன்களும் சரி, வந்து கொஞ்ச நாளைக்குள்ள எல்லாரும் கேக்கிறது "ஒரு பைக் எடுக்கலாமா" எண்டுதான். எடுக்கலாம், எடுக்கத்தான் வேணும், ஒவ்வொரு சோலிக்கும் ஓட்டோ பிடிச்சா காசு தாங்காது. ஆனா கைக்கு வாறது அநேகமா பழைய பைக்காத்தான் இருக்கும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவங்க 2025 தொடக்கத்திலதான் திரும்ப விட்டாங்க, அந்த அஞ்சு வருஷமா நாட்டுக்குள்ள இருந்த பைக்கையே திருத்தித் திருத்தி கை மாத்தி கை மாத்தி ஓடினது, 2022ல பெற்றோல் இல்லாம மாசக்கணக்கில கொட்டிலுக்குள்ள கிடந்த பைக்கும் அதுக்குள்ள இருக்கு. அதால உங்களுக்கு கிடைக்கப்போறது ஒரு பழைய சிடி 100, இல்லாட்டி ஸ்ப்ளெண்டர், டிஸ்கவர், அதுவும் இல்லாட்டி மாமா வீட்டில தறப்பாள் போட்டு மூடிக்கிடக்கிற எம்டி 90. எல்லாம் நல்ல பைக்தான், ஆனா நிக்கும்.

பழைய பைக் எல்லாம் ஒரே மாதிரி நிக்கிறதில்ல. ஒண்டு மழை பட்டா நிக்கும், ஒண்டு சூடேறினா நிக்கும், இன்னொண்டு காலமையில மட்டும் கிக்கருக்கு மசியாது, பிறகு நாள் முழுக்க ஓடும். உங்கட பைக்குட குணம் எது எண்டு முதல் மாசத்துக்குள்ள பிடிச்சிட்டீங்க எண்டா அதோட தாராளமா வாழலாம். பிடிக்காம ஒவ்வொரு தரமும் கராச்சுக்கு தள்ளிக்கொண்டு போனீங்க எண்டா காசும் போகும், பைக்கும் திருந்தாது. அதால முதல் வேலையா ஃபோன்லயே ஒரு குறிப்பு வச்சிருங்க: எந்த நேரம் நிண்டது, எவ்வளவு தூரம் ஓடின பிறகு நிண்டது, மழையா வெயிலா, டேங்கில எவ்வளவு பெற்றோல் இருந்தது, நிக்க முதல் இழுத்து இழுத்து நிண்டதா இல்லாட்டி சுவிச்ச ஓஃப் பண்ணின மாதிரி டக்கெண்டு நிண்டதா. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இழுத்து இழுத்து நிண்டா அநேகமா பெற்றோல் வாற பாதையில பிரச்சினை, டக்கெண்டு நிண்டா அநேகமா கரண்ட். பைக் திருத்துற எந்த பாஸும் முதல்ல கேக்கிறது இதைத்தான், வந்தாக்களுக்கு பதில் தெரியாம இருக்கிறதாலதான் அவர் எல்லாத்தையும் கழட்ட வேண்டி வருது.

பேப்பர் விஷயம்

இதை கெதியா சொல்லிட்டுப் போறன். வெளிநாட்டு லைசன்சோட சும்மா ஓட ஏலாது. இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டு வந்து அதை கொழும்புல ஒட்டோமொபைல் அசோசியேஷன்ல உறுதிப்படுத்த வேணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்து திணைக்களத்தில தற்காலிக லைசன்ஸ் எடுக்க வேணும். பெர்மிட்ல மோட்டச்சைக்கிள் வகைக்கும் சீல் இருக்கா எண்டு வெளிக்கிட முதலே பாருங்க, கார் ஓடுற லைசன்ஸ வச்சு பைக் ஓடலாம் எண்டு நினைச்சு வாறாக்கள் நிறைய. இங்க 100 சிசிக்கு மேல போனா வகையும் வேற. பைக்குக்கு வருஷ வரிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை சேட்டிபிக்கட் மூண்டும் நாள் முடியாம இருக்க வேணும், ஓடுற ஆளுக்கும் பின்னால இருக்கிற ஆளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். சொந்தக்காரற்ற பைக்க எடுத்து ஓடுறீங்க எண்டாலும் இதுகள பார்த்து வாங்குங்க, ஏனெண்டா பழுதாகி ரோட்டோரம் நிக்கிற பைக்கத்தான் பொலிஸ்காரர் முதல்ல வந்து விசாரிப்பாங்க. வாங்கிறதெண்டா பேர் மாத்தாம "ஓபன் பேப்பர்ல" எடுக்காதீங்க, விலை குறைவு எண்டு ஆசைப்பட்டு எடுத்தா அடிபட்ட அண்டைக்குத்தான் அதின்ர கரைச்சல் தெரியும்.

இந்த ஊர் பைக்குக்கு என்ன செய்யும்

திருகோணமலை டவுண் எண்டுறது ரெண்டு பக்கமும் கடல். கோட்டைப் பக்கம் ஒரு கடல், உட்துறைமுக வீதிப் பக்கம் இன்னொரு தண்ணி. உப்புக்காத்துக்கு தப்பின வீடு இங்க இல்ல. டொரொண்டோ குளிருக்க ஓடின ஆளுக்கு துரு எண்டா றோட்டுல போடுற உப்புதான் நினைவு வரும், இங்க றோட்டுல ஒண்டும் போட வேண்டாம், சும்மா முத்தத்தில விட்டாலே போதும். முதல்ல செயின் சிவக்கும், பிறகு வயர் சேருற இடங்கள்ல பச்சை பூக்கும். அந்தப் பச்சைதான் "காரணமே தெரியாம நிக்குது" எண்டு சொல்லுற பழுதுகள்ல பாதி. பற்றறி முனை, பியூஸ் பெட்டி, பிளக் கப், திறப்பு போடுற சுவிச்சுக்கு கீழ இருக்கிற கனெக்டர், இவ்வளவையும் மாசத்துக்கு ஒருக்கா கழட்டி பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு துடைச்சு, பற்றறி முனைக்கு கொஞ்சம் கிறீஸ் பூசி பூட்டினா பாதிப் பிரச்சினை வராமலே போயிடும். நிலாவெளிக் கரைக்கு போய் மணல்ல விட்டிட்டு வந்தா அண்டைக்கே நல்ல தண்ணி ஊத்தி கழுவி, செயினுக்கு ஒயில் விடுங்க. நாளைக்கு பாப்பம் எண்டு விடாதீங்க.

ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் வாடை மழை. அப்ப நிக்கிற பைக் எல்லாம் அநேகமா ஒரே காரணத்துக்குத்தான் நிக்கும்: பிளக் கப்புக்குள்ள ஈரம். ரப்பர் வெடிச்ச பழைய கப்ப மழைக்கு முதலே மாத்திடுங்க, பெரிய காசில்ல. டேங்க் மூடியில ரப்பர் வளையம் போயிருந்தா அதால தண்ணி இறங்கி பெற்றோலோட கலக்கும், தண்ணி பாரமானபடியா அடியில போய் நிண்டு அதுதான் முதல்ல காபரேட்டருக்கு வரும். பிறகு மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் கச்சான் காத்து, சூடும் புழுதியும். எயார் ஃபில்டர் அடைக்கிறதும் பற்றறித் தண்ணி வத்துறதும் அப்பத்தான்.

தூங்கிக் கிடந்த பைக்க எழுப்புறது

வெளிநாட்டு ஆக்களுக்கு இதுதான் பெரிய விஷயம். போன ஓகஸ்ட்ல ஓடிட்டு விட்ட பைக்க இந்த ஜூலையில வந்து எடுக்கிறது. வந்து இறங்கின சந்தோஷத்தில உடனே கிக்கர மிதிக்காதீங்க. டேங்க் மூடியத் திறந்து மணந்து பாருங்க, பெற்றோல் மாதிரி மணக்காம பழைய வாணிஷ் மாதிரி மணந்தா அதை முழுக்க இறக்கிடணும். ஒரு டோர்ச் அடிச்சு உள்ளுக்க பாருங்க, செம்மண் மாதிரி துரு தெரிஞ்சா டேங்க கழட்டி கழுவாம ஓடுறதில அர்த்தமில்ல, எத்தனை தரம் காபரேட்டர் கழுவினாலும் அந்தத் துரு திரும்ப இறங்கி அடைக்கும். பெற்றோல் டெப்புக்கு உள்ள இருக்கிற சின்ன வலையையும் பாக்கச் சொல்லுங்க.

காபரேட்டருக்கு கீழ கிண்ணம் மாதிரி ஒரு பகுதி இருக்கு, அதுக்கு அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ. அதை தளர்த்தினா உள்ள கிடக்கிற பெற்றோல் ஒரு குழாயால கீழ வரும். ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தில்ல பிடிச்சு கொஞ்ச நேரம் வச்சிட்டு வெளிச்சத்தில பாருங்க. அடியில முத்து முத்தா உருண்டா தண்ணி, தூள் மாதிரி படிஞ்சா துரு, தேத்தண்ணி நிறத்தில இருந்தா பழசாகிப் போன பெற்றோல். இதைப் பார்த்திட்டே என்ன செய்யணும் எண்டு முடிவெடுக்கலாம். காபரேட்டருக்குள்ள பெற்றோல் வாற சின்ன ஓட்டைத் துண்டு, ஜெட், அதை கழுவுறதெண்டா ஊசியோ கம்பியோ விட்டு குத்த விடாதீங்க, அந்த ஓட்டை பெருத்தா பிறகு பெற்றோல் குடிச்சுக்கொண்டே இருக்கும், காத்தடிச்சு எடுக்கிறதுதான் முறை.

எயார் ஃபில்டர் பெட்டிய கட்டாயம் திறங்க, எலி கூடு கட்டியிருக்கும். சீட்ட தூக்கி வயர் கடிபட்டிருக்கா எண்டும் பாருங்க. எஞ்சின் ஒயில் எப்பிடி இருந்தாலும் மாத்துங்க, இந்த 100 சிசி பைக்குகளுக்கு ஒரு லீட்டருக்கு கொஞ்சம் குறைவாத்தான் போகும், பெரிய செலவில்ல. டயர்ல சைட் பக்கம் வெடிப்பு தெரிஞ்சா தேயாம பூ (மேல் வெட்டு) எவ்வளவு இருந்தாலும் மாத்துங்க. பற்றறி 12 வோல்ட்டுக்கு கீழ வந்து பல மாசம் கிடந்தா அது செத்த மாதிரித்தான், சார்ஜ் போட்டு ரெண்டு நாள் ஓடலாம், நம்பி தூரம் போக ஏலாது.

ஒண்டை இங்க அழுத்திச் சொல்லணும். ஸ்டார்ட் வராத பைக்கோட வாழலாம், பிரேக் பிடிக்காத பைக்கோட வாழ ஏலாது. பிரேக், டயர், ஹெட்லைட், ஹோர்ன் நாலும் சரியா இல்லாம கேட்டால வெளிய எடுக்காதீங்க. மாடு குறுக்க வரும், பஸ் முட்டுற மாதிரி முந்தும், இது உங்கட ஊர் மோட்டர்வே இல்ல.

றோட்டுல நிண்டா

முதல்ல ஓரமா எடுத்து நிழல்ல விடுங்க. திரும்பத் திரும்ப கிக்கர மிதிச்சு வேர்த்து களைக்கிறதுக்கு முதல் மூண்டு விஷயம் பாருங்க. எஞ்சின் நிப்பாட்டுற சுவிச் இருந்தா அது கை தட்டி ஓஃப் ஆகியிருக்கா, பெற்றோல் டெப் எந்தப் பக்கம் இருக்கு, டேங்க ஆட்டிப் பாத்தா சத்தம் கேக்குதா. பெற்றோல் மீட்டர் வேலை செய்யாத பைக்குகள்தான் கூட. டெப்ப றிசேர்வுக்கு திருப்பினா இன்னும் கொஞ்ச தூரம் ஓடலாம், பெற்றோல் செட்டுக்கு போய்ச் சேர அது காணும், ஆனா பெற்றோல் அடிச்சிட்டு திரும்ப பழைய பக்கம் திருப்பி வைக்கிறத மறந்தா அடுத்த தரம் றிசேர்வே இருக்காது.

பெற்றோல் இருக்கு எண்டா பிளக்க கழட்டுங்க. பிளக் ஸ்பனர் ஒண்டு சீட்டுக்கு கீழ எப்பவும் இருக்க வேணும். கழட்டின பிளக்குட முனைதான் எல்லாம் சொல்லும். நனைஞ்சு பெற்றோல் மணந்தா எஞ்சின் பெற்றோல்ல மூழ்கிட்டு, துடைச்சு பூட்டி, சோக்க ஓஃப் பண்ணி, எக்சிலேட்டர முழுக்க திருப்பி வச்சுக்கொண்டு மிதிச்சா வரும். காஞ்ச கரி மாதிரி கறுப்பா இருந்தா பெற்றோல் கூடுதலா போகுது, இல்லாட்டி எயார் ஃபில்டர் அடைப்பு. பளபளப்பான ஒயில் கறுப்பு எண்டா எஞ்சின் ஒயில் மேல ஏறுது, அது கராச் வேலை. முனை நல்லா காஞ்சு கிடக்கு, எவ்வளவு மிதிச்சும் நனையேல்ல எண்டா பெற்றோல் வரவேயில்ல. மண்ணிறமா இருந்தா நல்லம்.

பிறகு அந்தப் பிளக்க கப்பில செருகி, அதின்ர உலோகம் எஞ்சின் தலையில தொடுற மாதிரி வச்சு, ரப்பர் கப்ப மட்டும் பிடிச்சுக்கொண்டு கிக்கர ஒருக்கா மிதிங்க. பக்கத்தில பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது, அதை முதல்ல பாருங்க. நீலமா டிக் டிக் எண்டு அடிச்சா கரண்ட் சரி. மஞ்சளா மெலிஞ்சு அடிச்சா, இல்லாட்டி அடிக்கவே இல்ல எண்டா புதுப் பிளக் ஒண்டை போட்டுப் பாருங்க, அது எப்பவும் பையில கிடக்கட்டும். அதுக்கும் வராட்டி கப்ப திருகி வயரில இருந்து கழட்டுங்க. எங்கட ஊர்ல பத்தில பல தரம் அந்த வயர் நுனி பச்சை பூத்து கறுத்துப் போயிருக்கும். கத்தியால அரை சென்ரிமீட்டர் வெட்டி விட்டா உள்ளுக்க செம்பு பளிச்செண்டு தெரியும், திரும்ப கப்ப அதில திருகுங்க. வேற ஒண்டும் செய்யாமலே எத்தனையோ பைக் இதோட ஸ்டார்ட் வந்திருக்கு.

செல்ஃப் ஸ்டார்ட் மட்டும் வேலை செய்யாட்டி பியூஸ பாருங்க, பற்றறிக்கு பக்கத்தில இருக்கும், அதே அம்பியர்ல இன்னொண்டு அநேகமா மூடிக்குள்ளயே வச்சிருப்பாங்க. கியர் பைக் எண்டா ரெண்டாம் கியர்ல போட்டு கிளச்ச பிடிச்சு தள்ளி, வேகம் எடுத்ததும் கிளச்ச விட்டா பிடிக்கும். டியோ மாதிரி ஸ்கூட்டர்கள தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது, அதுக்கு கிக்கர்தான், அதால ஸ்கூட்டர் வாங்கக்குள்ள கிக்கர் ஒழுங்கா வேலை செய்யுதா எண்டு கட்டாயம் மிதிச்சுப் பாருங்க.

கிளச் கேபிள் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். எஞ்சின் நிண்ட நேரம் முதலாம் கியர்ல போட்டு, காலால தள்ளிக்கொண்டே ஸ்டார்ட் பண்ணி, ஓடத் தொடங்கினதும் எக்சிலேட்டர ஒரு கணம் விட்டு அந்தக் கணத்தில கியர மாத்தணும். சந்தியில நிக்காத மாதிரி றோட்ட பார்த்து எடுங்க, டவுணுக்குள்ள பள்ளிக்கூடம் விடுற நேரத்தில இதை செய்யாதீங்க. எக்சிலேட்டர் கேபிள் அறுந்தா காபரேட்டர்ல ஐடில் ஸ்க்ரூவ கூட்டி விட்டு முதலாம் ரெண்டாம் கியர்ல ஊர்ந்து வரலாம்.

ஒரு பழுத கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன், ஏனெண்டா இது நிறையப் பேருக்கு வாறது, ஒருத்தரும் கண்டுபிடிக்கிறேல்ல. லண்டன்ல இருந்து வந்து நிண்ட எங்கட மச்சான் ஒருத்தருக்கு ஒரு ஸ்ப்ளெண்டர். டவுணுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்துக்கு கிட்ட வரக்குள்ள இழுத்து இழுத்து நிக்கும். கொஞ்ச நேரம் விட்டிட்டு, பெற்றோல் இருக்கா எண்டு மூடியத் திறந்து பார்த்திட்டு மிதிச்சா வரும். கராச் கராச்சா கொண்டு போனதில பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற கொயில் மாத்தினது, பிளக் மாத்தினது, காபரேட்டர் கழுவினது, எல்லாம் நடந்தது, கராச்சுக்கு போகக்குள்ள பைக் நல்லாத்தான் ஓடும். கடைசியா ஒரு வயசான பாஸ் கேட்டது ஒரு கேள்விதான்: "தம்பி, நிண்ட உடன மூடியத் திறக்கக்குள்ள காத்து இழுக்கிற சத்தம் கேக்குதா?" அடுத்த தரம் காது குடுத்துக் கேட்டா, ஸ்ஸ் எண்டு இழுக்குது. டேங்க் மூடியில காத்துப் போற சின்ன ஓட்டை ஒண்டு இருக்கு, புழுதியும் உப்பும் சேர்ந்து அதை அடைச்சிட்டுது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு காத்து வராட்டி, டேங்குக்குள்ள வெற்றிடம் மாதிரி ஆகி பெற்றோல் கீழ இறங்காம பிடிச்சு வச்சிடும். கொஞ்ச தூர ஓட்டத்துக்கு தெரியாது, நீட்டுக்கு ஓடினாத்தான் தெரியும். ஒரு குண்டூசியால குத்தி எடுத்ததோட சரி. உங்கட பைக்கும் நீட்டு ஓட்டத்தில மட்டும் நிண்டா முதல்ல இதைப் பாருங்க, மூடியத் திறந்து மூடிட்டு உடன ஸ்டார்ட் வந்தா வேற ஒண்டும் தேட வேண்டாம்.

பாஸ் ஒருத்தர பிடிச்சு வச்சிருங்க

பையில எவ்வளவு சாமான் இருந்தாலும் வெளியூர் ஆளுக்கு உண்மையான காப்பு ஒரு நல்ல பாஸ்தான். பெரிய பலகை போட்ட இடத்த தேடாதீங்க, உங்கட வீட்டுக்கு கிட்ட, நடந்து தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில இருக்கிறவர பாருங்க. அவர்ட முத்தத்தில உங்கட மொடல் பைக் ரெண்டு மூண்டு நிக்குதா, பக்கத்து வீட்டு ஆசிரியரும் மீன்காரரும் அவரிட்டத்தான் குடுக்கிறாங்களா, அது காணும். முதல் தரம் போகக்குள்ள ஊர் ஆள் ஒருத்தரோட போங்க. கனடாக் கதை கதைச்சுக்கொண்டு தனியப் போய் "எவ்வளவு வேணுமெண்டாலும் பரவாயில்ல" எண்டு சொன்னா பில் ஏறுறது இயல்பு. அதுக்காக ஐம்பது ரூபாவுக்கு பேரம் பேசவும் கூடாது, அந்த மனுசன் வெயிலுக்க குந்தியிருந்து செய்யுற வேலை அது.

போய் "காபரேட்டர் பிழை போல, கழுவிட்டு தாங்க" எண்டு சொல்லாதீங்க. நீங்க சொன்னதத்தான் அவர் செய்வார், பழுது அப்பிடியே இருக்கும். ஃபோன்ல எழுதி வச்ச குறிப்ப வாசிச்சுச் சொல்லுங்க: "பாஸ், சூடேறின பிறகு, அரை மணித்தியாலம் ஓடினாத்தான் நிக்குது, டக்கெண்டு நிக்குது, ஆறவிட்டா வருது." இப்பிடிச் சொன்னா அவர் நேர கொயிலையோ, பிளக் அடிக்கிற நேரத்த பார்க்கிற சிடிஐ பெட்டியையோ பார்ப்பார். ஒரே நேரத்தில நாலு சாமான் மாத்த விடாதீங்க, ஒண்டை மாத்தி ரெண்டு நாள் ஓடிப் பார்த்திட்டு அடுத்தது. நாலையும் ஒண்டா மாத்தினா எது பழுது எண்டு தெரியாமலே காசு போயிடும், ஆறு மாசத்தில அதே பழுது திரும்ப வந்தா திரும்பவும் நாலு சாமான். மாத்தின பழைய சாமான வாங்கி கையில பாருங்க, சந்தேகத்துக்கில்ல, எது தேஞ்சு போனது எண்டு விளங்கிக்கொள்ள. கொயில், சிடிஐ, பேரிங் மாதிரிச் சாமான் ஜெனுயினா போடுங்க, இண்டிகேட்டர் கண்ணாடி லோக்கல் எண்டாலும் பரவாயில்ல.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரம் கராச் பூட்டியிருக்கும், பௌர்ணமிப் போயா நாளில டவுணுக்குள்ளயும் நிறையக் கடை இருக்காது, அதை மனசில வச்சு வெளிக்கிடுங்க. கந்தளாய்ப் பக்கம் நிண்டா அநேகமா சிங்களப் பாஸ்தான் அகப்படுவார், "ஸ்டார்ட் வென்னே நே" (ஸ்டார்ட் ஆகுதில்ல) எண்டு சொல்லத் தெரிஞ்சா போதும், மிச்சத்த அவர் பைக்கிட்டயே கேட்டுக்கொள்வார், முடிய "கீயத" (எவ்வளவு) எண்டு கேட்டு குடுத்திட்டு வாங்க. ரோட்டோரம் நிண்டா உதவ வாற ஆக்கள் எந்தச் சனமா இருந்தாலும் இங்க வருவாங்க. பிளக் துடைச்சுத் தந்திட்டு காசு வேண்டாம் எண்டா ஒரு பிளேன்டீயாவது வாங்கிக் குடுங்க.

எவ்வளவு தூரம் நம்பலாம்

பைக்குட குணம் பிடிபடுற வரைக்கும் டவுண், உப்புவெளி, சீனக்குடா, கன்னியா எண்டு சுத்தியே ஓடுங்க. நிலாவெளி வரைக்கும் 15 கிலோமீட்டர் கிட்ட, வழி முழுக்க வீடு கடை இருக்கு, நிண்டாலும் பயமில்ல. குச்சவெளி தாண்டி புல்மோட்டைப் பக்கம் போகக்குள்ள கடை, கராச் எல்லாம் ஐதாகும், டேங்க் நிரப்பாம அந்தப் பக்கம் போகாதீங்க. மூதூருக்கு இப்ப கிண்ணியாப் பாலத்தால போகலாம், 2009ல அந்தப் பாலம் திறக்க முதல் பாதையில (வாகனம் ஏத்துற மிதவை), படகில கடந்த ஆக்களுக்குத்தான் அதின்ர அருமை தெரியும், ஆனா பாலத்துக்கு நடுவில நிண்டா காத்து தள்ளும், மழை நாளில பிளக் கப்ப ஒரு பொலித்தீனால சுத்திக்கொண்டு போங்க.

கந்தளாய் தாண்டி ஹபரண றோட்டுதான் கவனம். திருகோணமலையில இருந்து ஹபரண 85 கிலோமீட்டர் கிட்ட, கந்தளாய்க்குப் பிறகு ரெண்டு பக்கமும் காடு, யானை நடமாட்டம். அடிக்கடி நிக்கிற பைக்கோட பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் வெளிக்கிடவே வேண்டாம். அப்பிடி இருந்தும் பொழுதுபட்ட நேரம் நிண்டிட்டுது எண்டா இருட்டுக்க குந்தியிருந்து பிளக் கழட்டாதீங்க, வாற பஸ்ஸையோ லொறியையோ கைகாட்டி மறிச்சு ஏறிடுங்க. பைக் அங்கயே நிக்கட்டும், விடிஞ்சு ஒரு பட்டா (சின்ன லொறி) பிடிச்சுப் போய் ஏத்திக்கொண்டு வரலாம். பட்டாக்காரர் ஒருத்தற்ற நம்பர ஃபோன்ல வச்சிருங்க. ஆம்புலன்சுக்கு 1990, காசில்லாத சேவை, பொலிசுக்கு 119. இன்னொரு பைக்காரர் வந்து ஃபுட்ரெஸ்ட்ல கால் குடுத்து தள்ளிக்கொண்டு போறன் எண்டு சொல்லுவார், டவுணுக்குள்ள மெல்லமா எண்டா சரி, பெரிய றோட்டுல வேண்டாம், ரெண்டு பேரும் விழுந்த கதைகள் இருக்கு.

பையில என்ன இருக்க வேணும் எண்டா, பிளக் ஸ்பனர், புதுப் பிளக், பியூஸ், 10, 12, 14 ஸ்பனர், ஸ்க்ரூட்ரைவர், கிளச் கேபிள், செயின் லொக் (செயின் ரெண்டு நுனியையும் பூட்டுற துண்டு), உங்கட டயர் சைஸ் டியூப் ஒண்டு, இன்சுலேஷன் டேப், பழைய துணி, டோர்ச். டியூப் ஏன் எண்டா, டயர்க் கடை சந்திக்குச் சந்தி இருந்தாலும் உங்கட சைஸ் டியூப் இருக்கும் எண்டு சொல்ல ஏலாது, ஒட்டின இடத்திலயே திரும்ப ஒட்டி ஓடுறதவிட இது நல்லம்.

எப்ப கைவிடுறது எண்டும் கேப்பாங்க. சூடேறின பிறகும் நீலப் புகை வந்து, கிழமைக்கு கிழமை ஒயில் குறைஞ்சு, கிக்கர கையால அமத்தினாலே இறங்கிற அளவுக்கு கொம்பிரஷன் போயிட்டுது எண்டா எஞ்சின் இறக்க வேணும். நீங்க இன்னும் ரெண்டு மாசம்தான் நிக்கப்போறீங்க எண்டா அதில காசு போடாதீங்க, உள்ளதை உள்ளபடி சொல்லி வித்திட்டு, மிச்ச நாளுக்கு வாடகைக்கு எடுங்க. ஒவ்வொரு வருஷமும் வாறாக்கள் எண்டா எஞ்சின் செய்யுறது லாபம், இப்ப செகண்ட்ஹாண்ட் விற்கிற விலைக்கு இன்னொரு தெரியாத பைக்க வாங்கி அதின்ர குணத்த முதல்ல இருந்து படிக்கிறதவிட இது மேல்.

திரும்பிப் போக முதல்

போற கிழமை எல்லாரும் சாமான் கட்டுறதில மினக்கெட்டு பைக்க மறந்திடுவாங்க. அதால பிளைட்டுக்கு ரெண்டு நாள் முன்னமே இதை முடிங்க. நல்லா கழுவி காயவிட்டு, எஞ்சின் ஒயில மாத்தி, டேங்க விளிம்பு வரைக்கும் நிரப்புங்க, காலி இடம் இருந்தாத்தான் உள்ளுக்க ஈரம் பிடிச்சு துருவேறும். பெற்றோல் டெப்ப பூட்டிட்டு எஞ்சின தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, பிறகு காபரேட்டர் அடியில இருக்கிற ஸ்க்ரூவ தளர்த்தி மிச்சத்தையும் இறக்குங்க. பற்றறிய கழட்டி வீட்டுக்குள்ள வையுங்க. செயினுக்கு தாராளமா ஒயில், சைலன்சர் வாய்க்கு ஒரு துணி அடைப்பு, சென்டர் ஸ்டாண்ட்ல நிக்கட்டும். தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, உப்பு ஈரம் உள்ளுக்கயே நிண்டு எல்லாத்தையும் திண்டிடும், கூரைக்கு கீழ காத்தோட்டமா பழைய பெட்சீட் ஒண்டு போட்டா போதும்.

வீட்டில ஓடக்கூடிய பொடியன் ஒருத்தன் இருந்தா இவ்வளவும் வேண்டாம், அதுதான் எல்லாத்திலயும் நல்ல வழி. திறப்பையும் பேப்பர்களையும் அவனிட்ட குடுத்து, கிழமைக்கு ஒருக்கா கன்னியா வரைக்கும் போய் வரச் சொல்லுங்க, பெற்றோலுக்கும் செயின் ஒயிலுக்கும் காசையும் கையில குடுத்திட்டுப் போங்க, வரிப்பத்திரம் முடியிற திகதியையும் அவன்ர ஃபோன்ல போட்டு விடுங்க.